15 வயதான டிராக்டர்: இரும்புக்குப் போடலாமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவிலும், லால்குடி, முசிறி பகுதிகளிலும் நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயிகளிடம் பல ஆண்டுகள் ஓடிய டிராக்டர்கள் இருக்கின்றன. "15 ஆண்டு முடிந்த வண்டியை இனி ஓட்ட முடியாது. இப்போதே கொடுத்துவிட்டால் நாலு காசு கிடைக்கும், புது வண்டிக்கு அரசுச் சலுகையும் உண்டு" என்று தரகர் சொல்வதை நம்பி, சேற்றுழவு செய்து கொண்டிருக்கும் டிராக்டரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதும், புதியதற்குக் கடன் வாங்கிவிட்டுத் தவணைக்குத் திண்டாடுவதும் நடக்கக்கூடியவை. பழைய வாகன அழிப்புத் திட்டம் என்பது என்ன, அதனால் சிறு விவசாயிக்கு லாபமா நஷ்டமா என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

இத்திட்டத்தை மத்திய அரசு 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, அதே ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி தொடங்கியது. அழிப்பு மையங்களுக்கான விதிகள் செப்டம்பரில் வெளியாயின. இது தாமாக முன்வந்து சேரும் திட்டம். வயதை மட்டும் காரணமாகக் காட்டி விவசாயியின் டிராக்டரை அழிக்கும்படி இதில் எங்கும் சொல்லப்படவில்லை.

விவசாய டிராக்டர், போக்குவரத்து அல்லாத வாகன வகையைச் சேர்ந்தது. அதன் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வாகனம் தகுதியான நிலையில் இருந்தால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக் கொள்ளலாம். 10 ஆண்டு ஆன டிராக்டர்களைக் கட்டாயம் அழிக்க வேண்டும் என்ற வதந்தி 2023-இல் பரவியபோது, அது முற்றிலும் பொய் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் அளித்தது.

இந்த வதந்திக்கு இரண்டு காரணங்கள் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குத் தடை விதித்து 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணை, தில்லித் தலைநகர்ப் பகுதிக்கு உரியது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி, அரசு வாகனங்களுக்கு உரியது. இரண்டும் விவசாயியின் கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்குப் பொருந்தா.

பதிவைப் புதுப்பிக்க, காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் எது தமக்கு உரியதோ அங்கே வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். தாமதித்தால் கூடுதல் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும். டிரெய்லரின் பதிவையும் மறக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

சலுகை எவ்வளவு?

பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் அதன் இரும்பு மதிப்புக்கான பணமும், 'ஒப்படைப்புச் சான்று' ஒன்றும் கிடைக்கும். திட்டம் தொடங்கியபோது, இரும்பு மதிப்பு புதிய வாகன விலையில் 4 முதல் 6 சதம் இருக்கும் என்று அரசு கணித்தது. சான்றைக் காட்டிப் புதிய வண்டி வாங்குவோருக்கு 5 சதம் தள்ளுபடி தருமாறு தயாரிப்பாளர்களுக்கு அரசு யோசனை கூறியது. இது யோசனையே தவிரக் கட்டாயம் அல்ல. புதிய வண்டிக்குப் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். மாநில அரசுகள் சாலை வரியில் போக்குவரத்து அல்லாத வாகனங்களுக்கு 25 சதம் வரையும், போக்குவரத்து வாகனங்களுக்கு 15 சதம் வரையும் குறைத்துத் தர 2022 ஏப்ரல் முதல் விதி இடம் தருகிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது உச்ச வரம்பு. தமது வண்டிக்கு எவ்வளவு குறையும் என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே பழைய வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

அழிப்புச் சலுகையில் பெரும் பகுதி, புது வண்டி வாங்கினால் மட்டுமே கிடைக்கும் தள்ளுபடி. வாங்காதவருக்குக் கைக்கு வருவது இரும்பு விலைதான். ஒப்படைப்புச் சான்றைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் விதியில் வழியுண்டு.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 2009-இல் பழைய கார்களை ஒப்படைத்தவர்களுக்குப் புதிய கார் வாங்க 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்தார்கள். ஏறக்குறைய 6.8 லட்சம் கார்கள் கைமாறின. அவை மீண்டும் ஓடாதபடி எஞ்சினில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றிக் கெடுத்தார்கள். எப்படியும் சில மாதங்களில் கார் வாங்க இருந்தவர்களே அதில் பெரும்பாலும் பயன்பெற்றார்கள் என்று பின்னர் ஆராய்ந்த பொருளியலாளர்கள் கூறினர். சலுகைக்காக வண்டி வாங்குவது வேறு. வாங்க வேண்டிய நேரத்தில் சலுகையைப் பயன்படுத்திக் கொள்வது வேறு.

வயதை மணியில் கணக்கிடுக

டிராக்டரின் உண்மையான வயதை ஆர்.சி. புத்தகத்தைவிட மணிக்காட்டி சரியாகச் சொல்லும். டிராக்டரின் உழைக்கும் ஆயுளைச் சுமார் 10,000 மணி என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஆண்டுக்கு 300 மணி ஓடும் டிராக்டர் 15 ஆண்டில் 4,500 மணிதான் ஓடியிருக்கும். நன்றாகப் பராமரித்திருந்தால் அதன் ஆயுளில் பாதி இன்னும் மீதம் இருக்கிறது. வாடகைக்கு ஓடி ஆண்டுக்கு 1,000 மணி உழைத்த டிராக்டரோ 10 ஆண்டிலேயே கிழடாகிவிடும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். புதிய டிராக்டரின் விலை 7 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பழையதன் இரும்பு மதிப்பு 6 சதம், அதாவது 42,000 ரூபாய். தயாரிப்பாளர் தள்ளுபடி 5 சதம், 35,000 ரூபாய். இரண்டும் முழுதாகக் கிடைத்தாலும் 77,000 ரூபாய்தான். மீதி 6,23,000 ரூபாயை 10 சத வட்டிக்கு வாங்கினால், முதல் ஆண்டு வட்டி மட்டும் சுமார் 62,000 ரூபாய்.

பழைய டிராக்டர் புதியதைவிட மணிக்கு 1 லிட்டர் டீசல் அதிகம் குடிக்கிறது என்றும், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 300 மணி ஓட்டுபவருக்கு இழப்பு 27,600 ரூபாய். பழுதுபார்ப்பில் 15,000 ரூபாய் மிச்சமாகும் என்று சேர்த்தாலும் 42,600 ரூபாய்தான். வட்டிக்கே அது போதாது. இவர் பழையதைச் செப்பனிட்டு ஓட்டுவதே நலம். ஆண்டுக்கு 1,000 மணி ஓட்டுபவருக்கோ டீசலில் மட்டும் 92,000 ரூபாய் மிச்சம். இவருக்கு வட்டி போக அசலுக்கும் ஒரு பகுதி மிஞ்சும். மாற்றுவது பற்றி இவர் யோசிக்கலாம். இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர், தம் நிலத்துக்கென்று சொந்த டிராக்டர் வைத்துக் கொள்ளத் தேவையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

தம் வண்டிக்கு இதே கணக்கைப் போட, டேங்கை நிரப்பி ஒரு ஏக்கர் உழுதுவிட்டு, மீண்டும் நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் போதும். ஓடிய மணியையும் குறித்துக் கொள்ள வேண்டும்.

புகை சொல்லும் சேதி

சுமை ஏறும்போது கறுப்புப் புகை தள்ளினால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம் அல்லது இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். வடிகட்டியைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் சோதித்துச் சரிசெய்தாலே டீசல் செலவு குறையும். நீலப் புகை வந்து எஞ்சின் ஆயில் அடிக்கடி குறைந்தால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்துவிட்டன என்று பொருள். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ்வீல் பூட்டிச் சேற்றில் ஓடும் டிராக்டரில் அச்சின் ஆயில் சீல் வழியே சேறு புகுவதும் சாதாரணம். எஞ்சின், கியர் பெட்டி, ஹைட்ராலிக் ஆகிய மூன்றும் ஒருசேரப் போய், செப்பனிடும் செலவு ஓடும் நிலையில் உள்ள அதே வகை டிராக்டரின் சந்தை விலையை நெருங்கினால், அப்போது இரும்புக்குப் போடுவது நியாயம்.

பரிமாற்றம் வேறு, அழிப்பு வேறு

புது டிராக்டர் விற்பவர் பழையதை எடுத்துக் கொண்டு விலையில் கழிப்பது பரிமாற்றம். அந்த வண்டி வேறொருவரிடம் தொடர்ந்து ஓடும். இதில் ஒப்படைப்புச் சான்று கிடைக்காது. பெயர் மாற்றம் நடந்தாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் 29-சி படிவத்தில் அதைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் முறை உள்ளது.

காயலான் கடையில் எடை போட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தை வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பது ஆபத்து. வண்டியை அழிக்காமல் யாரேனும் ஓட்டி விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. சில ஆயிரம் ரூபாய் இரும்பு விலைக்காக நிலத்தையே இழக்கும் நிலை வரலாம். வண்டி அழிந்துவிட்டால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

ஒப்படைக்கும் முன்

1. வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கக் கடன் தீர்ந்து, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. தந்தையின் பெயரில் உள்ள வண்டியானால், முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

3. மையம் பதிவு பெற்றதா என்று பார்த்து, இரும்பு விலையை எழுத்தில் பெற வேண்டும். வண்டியைக் கொண்டு செல்லும் செலவு யாருடையது என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும்.

4. ஓடும் நிலையில் வெளியில் என்ன விலை போகும் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும்.

5. புது வண்டி விற்பவர் சொல்லும் தள்ளுபடியை விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்துள்ளது. அந்த வரிக் குறைப்பு எல்லோருக்கும் உரியது. அதையே அழிப்புச் சலுகை என்று காட்டினால் ஏற்கக் கூடாது.

6. ஒப்படைப்புச் சான்றையும், பிறகு தரப்படும் அழிப்புச் சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வாழைத்தார் ஏற்றிக் காந்தி மார்க்கெட்டுக்குச் செல்லும் சிறிய சரக்கு வண்டிகளின் நிலை வேறு. அவற்றுக்கு 8 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். வயது ஏற ஏற அதற்கான கட்டணமும் கூடும். அந்த வண்டிகளுக்கு அழிப்புத் திட்டம் பல சமயங்களில் பயன் தரும். டிராக்டரைப் பொறுத்தவரை மணிக்காட்டியையும் டீசல் கணக்கையும் பார்த்து, சம்பா உழவு முடிந்த பிறகு நிதானமாக முடிவெடுப்பதே சிறு விவசாயிகளுக்கு நன்மை தரும்.