கொழுப்பு மிகுந்தோருக்கு ஏற்ற காபி

இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தோர் காபியைக் கைவிட வேண்டியதில்லை. தயாரிக்கும் முறையில் கவனம் வேண்டும். காபிக்கொட்டையின் எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள், எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை உயர்த்தும்.

கொதிக்க வைத்த காபி: தூளை நீரிலிட்டுக் கொதிக்க வைக்கையில் இப்பொருள் மிகுதியாக இறங்கும். தவிர்ப்பது நன்று.

ஃபில்டர் காபி: உலோகத் துளைகள் எண்ணெயை முழுமையாகத் தடுப்பதில்லை. இறங்கிய டிகாக்‌ஷனைக் காபிக்கான வடிதாளில் மறுமுறை வடிகட்டுங்கள். பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடும்.

இன்ஸ்டன்ட் காபி: வெந்நீரில் கரைத்தால் போதும். இப்பொருள் மிகக் குறைவு.

எம்முறையாயினும் கொழுப்பு நீக்கிய பாலையே சேருங்கள், சர்க்கரையைக் குறையுங்கள். காபியை மாற்றிவிட்டோம் என்றெண்ணி, மருத்துவர் அளித்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.