மெய்ப்பாடும் கைப்பேசிக் குறிகளும்

உள்ளத்து உணர்ச்சி உடல்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் இதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளார். மெய்ப்பாடுகள் எட்டு; ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பது அவர்தம் கொள்கை. நகை எள்ளலாலும் பிறக்கும், பேதைமையாலும் பிறக்கும். நகை ஒன்றே, களன் வேறு.

பொருநைக் கரையில் பயிலும் நம் மாணவர் இன்று முகம் காணாமலே கைப்பேசியில் உரையாடுகின்றனர். முகமும் குரலும் இல்லாக் குறையை நிரப்ப 'எமோஜி' எனும் குறிகளை இடுகின்றனர். ஜப்பானிய மொழியில் 'எ' என்பது படம். 'மோஜி' என்பது எழுத்து. 1999இல் அந்நாட்டு டோகோமோ நிறுவனம் 176 குறிகளை வெளியிட்டது. 2010இல் யூனிகோடு தரத்தில் இவை பெருமளவில் இடம்பெற்று உலகெங்கும் பரவின.

இக்குறிகள் மெய்ப்பாட்டைக் காட்டும், நிலைக்களனைக் காட்டா. இடர் ஈண்டே தோன்றுகிறது. தூத்துக்குடியில் தொலைபேசி நிறுவன அலுவலர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியை இட்டார். உடன் பணியாற்றுவோர் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை மறுமொழியாக இட்டனர். அதனை எள்ளல் எனக் கொண்டு அவர் காவல்துறையில் முறையிட்டார். அக்குறி உணர்ச்சி வெளிப்பாடே எனக் கருதிய உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 2018இல் அவ்வழக்கை நீக்கியது.

மற்றொன்று இதனினும் கடிது. மேலதிகாரி கொலையுண்டது பற்றிய செய்திக்கு இரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் கட்டைவிரல் குறியை இட்டார். கொலையை அவர் கொண்டாடினார் எனக் கருதிப் பணிநீக்கம் செய்தனர். அக்குறி 'சரி' என்னும் சொல்லுக்கு ஈடாகலாம் என்று கூறி, அவருக்கு மீண்டும் பணி வழங்கும் ஆணையை 2024இல் அதே மதுரைக் கிளை உறுதிசெய்தது. 'செய்தி கண்டேன், வருந்துகிறேன்' என்னும் சில சொற்கள் உடனிருந்திருப்பின் ஐயத்திற்கே இடமிராது.

எழுத்தின் குறையை நிரப்பும் வழி நமக்குப் புதிதன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோர், அதில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். அதுவே அரபுத்தமிழ். எழுத்தைக் கடன் கொண்டனர். ஒலியையும் பொருளையும் இழந்தாரல்லர்.

ஆதலின் குறிகளை விலக்குக என்று யாம் கூறவில்லை. இரங்கல், நன்றி, மன்னிப்பு, இசைவு ஆகிய நான்கிடத்தும் குறியோடு சொல்லையும் சேர்த்து எழுதுதல் மாணவர்க்கு அழகு. படம் ஒன்றையே கண்டு சினவாது, கருத்தைக் கேட்டறிதல் பெரியோர்க்கு அழகு. களன் அறிந்த பின்னரே மெய்ப்பாடு பொருள் பெறும்.