பட்டத்திற்குப் பின் படிப்பு: மனநலப் பணியாளர், சமூகப் பணியாளர்களின் தொடர்கல்வி

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியது 1975ஆம் ஆண்டில். சிங்கப்பூரில் அதற்கும் முன்பே, 1952இல், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துறை தோன்றிவிட்டது. உளவியல், ஆலோசனைத் துறைகளும் பின்னர் வளர்ந்தன. இத்துறைகளில் பயின்று வெளியேறிய தமிழர்கள் இன்று மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் சமூகநல இலாகாவிலும் பணிபுரிகிறார்கள். பட்டமளிப்பு அங்கியைக் கழற்றியதோடு படிப்பும் முடிந்தது என்று எண்ணுவது எல்லாத் துறையினருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் இத்துறையில் அந்த எண்ணத்திற்கான விலையைப் பெரும்பாலும் எதிரே அமர்ந்திருப்பவரே கொடுக்க நேர்கிறது. அது எவ்வாறு என்பதைச் சில எடுத்துக்காட்டுகளோடு காண்போம்.

மாறிய சட்டம்

2010ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற ஓர் ஆலோசகரை எண்ணிப் பார்ப்போம். அவர் கற்ற காலத்தில் தற்கொலைக்கு முயல்வது மலேசியாவில் குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆவது பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடமளித்தது. சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் தேதியன்று அக்குற்றத்தை நீக்கியது. மலேசியா 2023இல் நீக்கியது. அதே 2023இல் மனநலச் சட்டமும் திருத்தப்பட்டு, உயிரை மாய்த்துக்கொள்ள முனைபவரை மீட்கும் அதிகாரம் தீயணைப்பு, குடிமைத் தற்காப்பு அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்டது. தற்கொலைக்குத் தூண்டுவது மட்டும் இன்றும் குற்றமே.

சட்டம் மாறியது மக்கள் எல்லாருக்கும் தெரியுமா? தெரியாது. "நான் சொன்னா போலீசுக்குப் போகுமா?" என்று தயங்கிக் கேட்பவர்கள் இருக்கவே செய்வார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஆலோசகர் பழைய விடையைக் கூறினால், கேட்டவர் வாயை மூடிக்கொண்டு வீட்டிற்குச் செல்வார். அவர் மீண்டும் வருவார் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மாறிய முறை

சட்ட மாற்றம் நாளிதழில் வந்துவிடும். சிகிச்சை முறையில் நிகழும் மாற்றம் அப்படி வருவதில்லை.

தற்கொலை எண்ணம் உடையவரிடம் "தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கும் ஒப்பந்த முறை 1973இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரைக்குப் பிறகு பரவலாயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அது நல்ல வழக்கமாகவே கருதப்பட்டது. பின்னாளில் ஆராய்ந்தவர்களுக்கு, அந்தக் கையெழுத்து உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கையொப்பம் இட்டவர், மீண்டும் அந்த எண்ணம் வந்தால் வாக்கை மீறிவிட்டோமே என்று வெட்கி மறைக்கவும் கூடும். உண்மையைச் சொன்னால், அந்தத் தாள் நிம்மதி அளித்தது ஆலோசகருக்குத்தான்.

அதன் இடத்தில் இன்று பரிந்துரைக்கப்படுவது பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியது. 'செய்ய மாட்டேன்' என்ற வாக்குறுதிக்குப் பதிலாக, அந்த நேரம் வந்தால் என்ன செய்வேன் என்பதை வந்தவர் தம் சொந்தச் சொற்களில் எழுதிக்கொள்கிறார். நிலைமை மோசமாவதை எந்த அறிகுறி முதலில் காட்டும், தனியாக இருக்கும்போது எதைச் செய்தால் மனம் சற்று அடங்கும், எந்த இடத்திற்குப் போகலாம், யாரிடம் பேசலாம், எந்த மருத்துவமனையை அழைக்கலாம், ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து எவ்வாறு அகற்றலாம் என்று படிப்படியாக அது செல்லும். 2018இல் வெளியான ஆய்வில், அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,640 பேர் கவனிக்கப்பட்டனர். இத்திட்டமும் தொலைபேசி விசாரிப்பும் பெற்றவர்களிடையே ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்திருந்தன. இது குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அன்று. அமெரிக்கப் படைவீரரும் நம் தோட்டத்துப் பாட்டியும் ஒன்றல்லர். ஆயினும், வெறும் கையெழுத்துக்கு இந்த அளவு சான்றுகூட இருந்ததில்லை.

துக்கத்தைப் பற்றிய அறிவும் இவ்வாறே நகர்ந்துள்ளது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2022இல் 'நீடித்த துக்கம்' என்பதைத் தனியொரு நோயாகச் சேர்த்தது. பெரியவர்களிடத்தில் இறப்பு நிகழ்ந்து 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்பது அதன் வரையறைகளுள் ஒன்று. பதினாறாம் நாள் கருமக்கிரியையும் ஓராண்டுத் திதியும் வைத்த நம் முன்னோரின் கணக்கு நினைவுக்கு வராமல் போகுமா?

வகுப்பில் சொல்லித் தராத தமிழ்

நம் பணியாளர்கள் பயில்வது ஆங்கிலத்திலும் மலாயிலும். தொடர்கல்விப் பயிலரங்குகளும் பெரும்பாலும் அவ்வாறே. ஆனால் மனம் உடைந்த ஒருவர் பேசுவது வீட்டு மொழியில்.

'மன அழுத்தம்' என்ற சொல்லையே பாருங்கள். வேலைப்பளுவால் வரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான். டிப்ரெஷன் என்னும் நோய்க்கும் நாளிதழ்களும் வானொலியும் அதையே வழங்குகின்றன. இதனால் நோயாளி, "நாலு நாள் லீவு எடுத்தா சரியாயிரும்" என்று நம்புகிறார். 'மனச்சோர்வு' என்பது துல்லியமான கலைச்சொல்தான். எனினும் கேட்பவர் காதில் அது களைப்பாக ஒலிக்கிறது. மக்களோ, "எதுலயும் ஒரு புடிப்பு இல்ல" என்கிறார்கள். ஆர்வமிழப்பு என்று பாடநூல் பட்டியலிடும் முதன்மை அறிகுறி அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது.

இன்னும் நுட்பமானது, "பேசாம போய்ச் சேர்ந்துட்டா தேவலாம்" என்ற பேச்சு. வயதான பெண்கள் பலர் சலிப்பில் இதைச் சொல்வார்கள். எல்லாரும் சாக எண்ணுபவர்கள் அல்லர். ஆனால் சிலர் மெய்யாகவே அதைத்தான் எண்ணுகிறார்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் கேட்பவருக்கு இது ஏதோ பயணச் செய்தி. பழகிய காதுடையவருக்கோ வெறும் புலம்பல். இரண்டுமே ஆபத்து. அங்கே நிறுத்தி, "அம்மா, செத்துப் போயிரணும்னு நினைப்பு வருதா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கேட்கத் தெரிவது மட்டும் போதாது. நாக்கு கூசாமல் தமிழில் கேட்டுப் பழக வேண்டும். மூத்தவரிடம் சாவைப் பற்றிப் பேசுவதை அமங்கலம் என்று வளர்ந்த நமக்கு அது எளிதில் வருவதில்லை.

எப்படிக் கற்பது?

மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் ஆலோசகராகத் தொழில் நடத்துவதைத் தடுக்கிறது. தொழில் சான்றிதழையும் அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடே. ஆனால் புள்ளிகளுக்காகப் பயிலரங்கில் அமர்ந்து, தேநீர் அருந்தி, சான்றிதழோடு திரும்புவதும் தொடர்கல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். மாற்றத்தைத் தருவது, மூத்த பணியாளர் ஒருவர் முன் தம் பணியை ஒழுங்காக வைத்துப் பேசும் மேற்பார்வை முறைதான் என்பது என் கருத்து. வந்தவர் என்ன சொன்னார், நான் என்ன விடை தந்தேன், ஏன் தந்தேன் என்று ஒருவர் கேட்கக் கேட்கத்தான் பழைய வழக்கங்கள் கண்ணில் படும்.

தமிழில் அதைச் செய்யப் பெரும் செலவு தேவையில்லை. இத்துறையிலுள்ள முன்னாள் மாணவர்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். பெயரும் அடையாளமும் நீக்கிய ஒரு நிகழ்வை ஒருவர் எடுத்துரைக்கலாம். ஒருவர் வந்தவராகவும் மற்றொருவர் ஆலோசகராகவும் நடித்து, மேற்சொன்ன கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்க்கலாம். பாதுகாப்புத் திட்டத்தின் படிகளை எழுத்துத் தமிழில் ஒரு தாளிலும் பேச்சுத் தமிழில் மற்றொரு தாளிலும் எழுதி, எதைப் படித்தால் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரிகிறது என்று சோதிக்கலாம். இறுதியாண்டு மாணவர்களும் உடன் அமர்ந்து கேட்கலாம். முதல் கூட்டத்திற்குப் பேரவையின் அறையே போதுமானது.