படைவீரர் ஓய்வூதியம்: யாரிடம் எதைக் கேட்பது?

மத்திய அரசு ஊழியர் பொதுவாக அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார். படைவீரரின் நிலை வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் படையில் சேரும் சிப்பாய் 15 ஆண்டுப் பணியை நிறைவு செய்தாலே ஓய்வூதியத்திற்குத் தகுதி பெறுகிறார். முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்வூதியர் ஆனவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓய்வூதியக் காலம் பணிக்காலத்தைப் போல மும்மடங்கு நீளக்கூடும். அதற்குள் முகவரி மாறும், வங்கிக் கிளை மாறும், விதிகளும் மாறும். ஆனால் ஓய்வூதிய ஆணையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் நாமாகத் திருத்தும் வரை மாறுவதில்லை. பெரும்பாலான இடர்ப்பாடுகளின் வேர் இதுவே.

மூன்று அலுவலகங்கள்

ஓய்வூதியம் மூன்று இடங்களைக் கடந்து நம்மை அடைகிறது. வீரரின் பெயர், பிறந்த தேதி, மனைவி, மக்கள் விவரங்களைக் காப்பது அவருடைய படைப்பிரிவின் பதிவு அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தோருக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. தொகையை நிர்ணயித்து ஆணை வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். மூன்றாவது, மாதந்தோறும் பணத்தை வழங்கும் அமைப்பு.

முன்னர் இந்த மூன்றாம் பணியை வங்கிகளின் மைய ஓய்வூதியப் பிரிவுகளே செய்தன. இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையவழி முறையில் பாதுகாப்புத் துறையே கணக்கிட்டு, பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கிறது. அம்முறைக்கு மாறியவரின் தொகை குறைந்தால், கிளை மேலாளர் அதைத் திருத்த இயலாது. முறையீட்டை ஸ்பர்ஷ் தளத்திலோ சேவை மையத்திலோ பதிய வேண்டும். ஆகவே, தம் ஓய்வூதியத்தை வழங்குவது வங்கியா, ஸ்பர்ஷா என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிந்துகொள்ளல் நலம்.

உயிர்வாழ்ச் சான்று

ஆண்டுக்கு ஒருமுறை இச்சான்றை அளிக்காவிடில் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். சான்று அளித்தபின் நிலுவை சேர்ந்து வரும். ‘ஜீவன் பிரமாண்’ வழியே அளிப்போர், ஓய்வூதியம் வழங்கும் அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பர்ஷுக்கு மாறிய பின்னரும் பழைய வங்கியின் பெயரையே குறிப்பிட்டால், சான்று உரிய இடத்தைச் சேராது. கைரேகை தேய்ந்தவர்கள் கைப்பேசியில் முக அடையாளம் வழியாகவும் சான்று அளிக்கலாம். கிளையில் நேரில் அளிப்போர் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுக.

தொகையில் கவனிக்க வேண்டியவை

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றவர்களுக்கு, அப்பகுதி 15 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 85 வயதில் அது 30 விழுக்காடாகவும், 90 வயதில் 40 விழுக்காடாகவும் உயரும். இத்தேதிகளைக் குறித்து வைத்து, அந்த மாதத்தின் வரவைச் சரிபார்த்துக் கொள்க. வங்கி வழியே வரும் ஓய்வூதியமோ நிலுவையோ வங்கியால் தாமதமானால், ஆண்டுக்கு 8 விழுக்காடு இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை.

மனைவியின் பெயர்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர் ‘லட்சுமி’, ஆதாரில் ‘மகாலட்சுமி’. ஓய்வூதிய ஆணையில் அவருடைய பிறந்த தேதியே இல்லை. கணவர் உள்ளவரை இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் மறைந்தபின்னரோ, இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அந்த முதிய பெண்மணியைச் சேர்கிறது. குடும்ப ஓய்வூதியம் தாமதமாகிறது. பிறந்த தேதி பதிவாகாததால், 80 வயதில் அவருக்கும் உரிய கூடுதல் தொகை தொடங்குவதும் தடைப்படுகிறது. வீரர் தம் வாழ்நாளிலேயே பதிவு அலுவலகத்திற்கு விண்ணப்பித்துத் திருத்தியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

ஓய்வூதியக் கணக்கை மனைவியுடன் கூட்டுக் கணக்காக வைத்திருப்பதும் நன்று. மத்திய அரசு ஓய்வூதியத்தை வங்கி வழியே பெறுபவரின் ஆணையில் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் குறிக்கப்பட்டிருந்தால், அவர் புதுக் கணக்குத் தொடங்க வேண்டுமென வங்கி வற்புறுத்தலாகாது.

விண்ணப்பம் எழுதுவதில் ஐயம் இருப்பின், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியை நாடலாம்.

இவ்விதழைப் படித்து முடித்ததும், ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்து, மனைவியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, பெயர்களையும் தேதிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் திருத்தத்திற்கான விண்ணப்பத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்.