கலமும் களஞ்சியமும்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கணினித் துறையிற் கடமையாற்றுகின்றனர். மேல்வகுப்பு மாணவர் சிலரும் அத்துறையை நாடுகின்றனர். தமிழாசிரியராகிய நாம் 'லொக்' என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவர்களுக்குச் சில கூற விழைகின்றோம்.

'லொக்' என்பது மரக்குற்றி. முற்காலத்து மேனாட்டு மாலுமிகள் கயிற்றிற் கட்டிய மரத்துண்டைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அவ்வளவை எழுதிய ஏடும் அப்பெயர் பெற்றது. அதிபரின் மேசையிலுள்ள சம்பவத் திரட்டை 'லொக் புத்தகம்' என்பதும் இவ்வழி வந்ததே. கணினிச் செயலிகளும் தம் செயலை இவ்வாறே வரிவரியாகப் பதிகின்றன. 2014 ஆம் ஆண்டு கூகிள் நிறுவனத்தார் வெளியிட்ட குபர்நெற்றிஸ், செயலிகளைக் கொள்கலன்களில் இட்டு நடத்தும் மேடையாகும். அப்பெயர் கிரேக்க மொழியில் மீகாமனைக் குறிக்கும். சொல்லாராய்ச்சி எம்மைவிட்டுப் போகாது, மாணவர் பொறுத்தருள்க.

நிற்க. கொள்கலன் நிலையற்றது. பழுதுற்றால் மேடை அதனை நீக்கிப் புதியதொன்றை அமைத்துவிடும். பழையது எழுதிய பதிவும் நாளடைவில் உடன் மறையும். இயல்பான அமைப்பில், கொள்கலன் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 மெகாபைற்று அளவான கோப்புக்கள் ஐந்தே வைத்திருக்கப்படும். பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் செயலி நள்ளிரவில் நின்றுபோனால், காரணம் உரைக்கவேண்டிய சாட்சி விடியுமுன் மறைந்துவிடலாம். ஆதலின் பதிவைக் கலத்துக்கு வெளியே சேர்த்தல் வேண்டும்.

'ஒப்ஜெக்ற் ஸ்ரோறேஜ்' எனப்படும் பொருட்களஞ்சியம் இதற்கு ஏற்றது. அமேசன் நிறுவனத்தின் எஸ்3 என்பது 2006 இல் தொடங்கியது. சொந்த இயந்திரங்களில் அமைப்போர் செஃப் என்னும் மென்பொருளைக் கையாளுவர். மருதனார்மடச் சந்தையில் வாய் தைத்த வெங்காயச் சாக்கை எண்ணிப் பார்க்க. அதனுள் மேலும் ஒரு பிடி இடமுடியாது. வேறு சாக்குத்தான் வேண்டும். பொருட்களஞ்சியமும் பொதுவாக அத்தகையதே. ஆதலின் லோகி போன்ற மென்பொருள் பதிவு வரிகளைத் திரட்டிச் சுருக்கி, கட்டுக் கட்டாகப் பெயரிட்டு அனுப்புகின்றது.

இனிக் கணக்கு. சுருக்கிய பின் நாளொன்றுக்கு 4 கிகாபைற்று எனக் கொள்வோம். 30 நாள் வைத்திருப்பின் 120 ஆகும். செஃபின் இயல்பான அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி உண்டு, ஆகவே 360. பழுது நேரும் நாளிற் பதிவு பன்மடங்கு பெருகும். அதற்கும் இடம் விடுக. பலர் வட்டின் கொள்ளளவை முதலிற் பார்த்துப் பின் நாளைத் தீர்மானிக்கின்றனர். எமக்கு அது முறையாகத் தோன்றவில்லை. எத்தனை நாட்குப் பின்னரும் ஒருவர் முறையிடக்கூடும் என்பதே முதல் வினா. தவணை கழிந்தவற்றை நீக்கும் பணியை லோகிக்கே விடுக. களஞ்சியத்திலும் அதனிற் குறுகிய தவணை விதித்தால், அட்டவணையிற் பெயர் இருக்கும், சாக்கு இராது. மாணவரின் கடவுச்சொற்கள் பதிவில் ஏறலாகாது.

களஞ்சியம் அதே மேடையின் அதே இயந்திரங்களில் இருத்தலும் ஆகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீட்கவியலா ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். இதனை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாணவர்க்குப் பயிற்சி: சிறு செயலியொன்றைக் கொள்கலனில் இயக்கி, அக்கலத்தை முற்றாக நீக்கிவிடுக. பின்னர் அது எழுதிய இறுதி வரியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் காட்டுக.