பால் கணக்கு எந்த அடுக்கில்?

கேள்வி: ரப்பர் பால் வாங்கும் கடைக்கு மென்பொருள் எழுதுகிறேன். திரை, சேவை, தரவுத்தளம் என்று மூன்று அடுக்குகள். விலைக் கணக்கை எதில் வைப்பது?
– வாசகர், சிம்பாங் அம்பாட், மலாக்கா

பதில்: மூன்றிலும் வேண்டாம். தொழில் விதிகளுக்கென்றே நடுவில் ஓர் அடுக்கு வையுங்கள். உங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாததா? பாலை எடை போட்டவுடன் காசு கொடுத்துவிட மாட்டார்கள். 50 கிலோ பாலில் உலர் ரப்பர் 32 சதவீதம் என்றால், விலை 16 கிலோவுக்குத்தான். இந்தப் பெருக்கல் ‘பால் கொள்முதல்’ கிளாசுக்குள்ளேயே நடக்கட்டும். சதவீதம் 100-ஐத் தாண்டினால் அந்தக் கிளாசே மறுக்கட்டும். உறைந்த கட்டிப்பாலுக்குத் தனிக் கிளாஸ்.

பலர் அட்டவணையை அப்படியே நகலெடுத்துக் கெட்டர், செட்டர் மட்டும் போட்டுவிட்டு, விதிகளையெல்லாம் சேவை அடுக்கில் கொட்டுகிறார்கள். மார்ட்டின் ஃபவுலர் 2003-இல் இதை இரத்தசோகை மாடல் என்றே சாடினார். அதே ஆண்டு வந்த எரிக் எவன்ஸின் நூல், தொழில் தெரிந்தவர்களின் பேச்சே கோடிலும் இருக்க வேண்டும் என்கிறது. மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலைக் கடையில் ‘ஒட்டுப்பால்’ என்றால் கோடிலும் ஒட்டுப்பால்தான், ‘வகை 3’ அல்ல.

வெறும் ரசீது அச்சடிக்கும் மென்பொருளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. உங்களுடையது அப்படியல்ல. தரவுத்தளத்தைத் தொடாமலே ‘பால் கொள்முதல்’ கிளாசுக்கு டெஸ்ட் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.