காணாமல் போன விண்டோ எங்கே? விண்டோஸ், மேக், லினக்ஸ்: ஓர் ஒப்பீடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "திறந்து வைத்திருந்த புரோகிராம் காணாமல் போய்விட்டது, எப்படி மீண்டும் பெறுவது?" என்பதுதான். பெரும்பாலும் அது காணாமல் போயிருக்காது. வேறொரு விண்டோவின் பின்னால் மறைந்திருக்கும். அதைத் தேடும் வழி ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அந்த வேறுபாடு தெரியாததால் நானே ஒருமுறை திண்டாடிப் போனேன்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓமந்தூரில் என் அக்கா வீடு. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1947 முதல் 1949 வரை இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரிப் படிப்புக்கான ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அன்று நள்ளிரவு 12 மணிதான் கடைசி. அவளிடம் இருந்தது பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு சிஸ்டங்களைப் பதிந்து தந்தார்கள். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது.

யாருடைய பென் டிரைவிலிருந்தோ வைரஸ் புகுந்து, விண்டோஸ் பக்கம் திறக்க மறுத்தது. எனவே பாஸ் பக்கம் போய், டேட்டா கார்டைச் செருகி, பிரௌசரில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண் என்று ஒரு மணி நேர வேலை. மணி பத்தரை இருக்கும். "மாமா, ஃபாரம் காணோம்!" என்று அலறினாள்.

திரையில் எதுவுமே இல்லை. கீழே இருக்கும் பட்டியில் பிரௌசரின் பெயர்கூட இல்லை. நான் சென்னையில் டி.டி.பி. வேலையில் மேக் பழகியவன், வீட்டில் விண்டோஸ். ஆல்ட் + டேப் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. எனக்கும் வியர்த்துவிட்டது. "தம்பி, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றாள் அக்கா. நானும் பவர் பட்டன் மீது விரலை வைத்துவிட்டேன். அழுத்தியிருந்தால் அந்த ஒரு மணி நேர உழைப்பும் போயிருக்கும். என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

அப்ளிகேஷன் வேறு, விண்டோ வேறு

வேர்டு ஒரு அப்ளிகேஷன். அதில் ஒரு கடிதத்தையும் ஒரு பயோடேட்டாவையும் திறந்தால், அவை இரண்டு விண்டோக்கள். பிரௌசரில் இன்னொரு படி உண்டு: ஒரே விண்டோவுக்குள் பல டேப்கள். ஆக அப்ளிகேஷன், விண்டோ, டேப் என மூன்று நிலைகள். ஒரு வீடு, அதில் அறைகள், அறைக்குள் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறுவதற்கான கீயை அழுத்தும்போது சிஸ்டம் வீடுகளைக் காட்டுகிறதா, அறைகளைக் காட்டுகிறதா என்பதுதான் மூன்று சிஸ்டங்களுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு.

விண்டோஸ்: அறைகளைக் காட்டும்

1985ல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க முடியாது; பக்கத்தில் பக்கத்தில் ஓடு பதித்ததுபோல்தான் இருக்கும். 1987ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவை ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கின. மறைந்ததைத் தேடும் வேலையும் அதோடு தொடங்கியது. அதற்கு எளிய தீர்வாக 1995ல் விண்டோஸ் 95 டாஸ்க்பாரைத் தந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் திரையின் அடியில் ஒரு பட்டன். மறைந்தாலும் மினிமைஸ் செய்தாலும் பட்டன் அங்கேயே இருக்கும்.

2001ல் வந்த எக்ஸ்பியில், டாஸ்க்பாரில் இடம் போதாதபோது ஒரே அப்ளிகேஷனின் விண்டோக்கள் ஒரே பட்டனாகச் சேர்ந்துகொண்டன. 2009ல் வந்த விண்டோஸ் 7 அதையே வழக்கமாக்கி, பெயர் இல்லாமல் ஐகான் மட்டும் காட்டியது. எனவே உங்கள் இரண்டு வேர்டு கடிதங்களுக்கும் ஒரே ஐகான்தான் தெரியும். அதன் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் இரண்டின் சிறு படங்களும் வரும். வேண்டியதைக் கிளிக் செய்யுங்கள்.

கீபோர்டு வழி: ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் கீயைத் தட்டுங்கள். திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். கடைசியாகப் பயன்படுத்தியது முதலில் வரும். எனவே ஒரே ஒருமுறை தட்டிவிட்டால் சற்றுமுன் இருந்த விண்டோவுக்குப் போகலாம். மறுபடி தட்டினால் திரும்பி வரலாம். பின்னோக்கிப் போக ஷிப்ட் கீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயுடன் 1, 2, 3 என்ற எண்களை அழுத்தினால் டாஸ்க்பாரில் அந்தந்த இடத்தில் உள்ள அப்ளிகேஷன் வரும்.

2015ல் வந்த விண்டோஸ் 10 முதல், விண்டோஸ் கீ + டேப் அழுத்தினால் எல்லா விண்டோக்களும் திரை முழுக்கப் பரப்பிக் காட்டப்படும். அங்கேயே புதிய டெஸ்க்டாப் ஒன்றையும் உருவாக்கலாம். விண்டோஸ் + கண்ட்ரோல் + வலது அல்லது இடது அம்புக்குறி அழுத்தினால் ஒரு டெஸ்க்டாப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

மேக்: வீடுகளைக் காட்டும்

மேக் கம்ப்யூட்டரில் கமாண்ட் + டேப் அழுத்தினால் வருவது அப்ளிகேஷன்களின் ஐகான்கள். விண்டோக்கள் அல்ல. ஐந்து கடிதங்கள் திறந்திருந்தாலும் ஐகான் ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஐந்தும் சேர்ந்து முன்னே வரும். அவற்றுக்குள் மாற, கமாண்ட் கீயுடன் டேப் கீக்கு மேலே உள்ள கீயை அழுத்த வேண்டும். முதலில் வீடு, பிறகு அறை.

விண்டோஸிலிருந்து மேக்குக்கு வருபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது, மினிமைஸ் செய்த விண்டோ. அது திரையின் அடியில் உள்ள டாக் பட்டையில் போய் உட்காரும். கமாண்ட் + டேப் அழுத்தினால் அப்ளிகேஷன் வரும். ஆனால் மினிமைஸ் ஆன விண்டோ தானாக எழுந்து வராது. டாக்கில் கிளிக் செய்து எழுப்பலாம். இரண்டாவது, சிவப்பு பட்டன். அதைக் கிளிக் செய்தால் விண்டோ மூடும். பல அப்ளிகேஷன்கள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக நிறுத்த கமாண்ட் + கியூ அழுத்த வேண்டும். எந்த அப்ளிகேஷனில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் திரையின் மேல் பட்டியில் இடது பக்கம் பாருங்கள். அதன் பெயர் அங்கே இருக்கும்.

எல்லா விண்டோக்களையும் ஒரே பார்வையில் விரித்துக் காட்டும் வசதி மேக்கில் 2003ல் எக்ஸ்போஸே என்ற பெயரில் வந்தது. 2011ல் அது மிஷன் கண்ட்ரோல் ஆனது. கண்ட்ரோல் + மேல் அம்புக்குறி அழுத்திப் பாருங்கள்.

லினக்ஸ்: தெருக்களும் உண்டு

லினக்ஸில் மேசைத்தளமே பல வகை என்பதால் ஒரே பதில் கிடையாது. பழைய கினோம் 2 வகை மேசைத்தளத்தில், விண்டோஸ் 95 போலவே கீழ்ப் பட்டியில் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பட்டன் இருந்தது. ஆனால் அதன் வலது ஓரத்தில் சில சிறு கட்டங்களும் இருந்தன. அவை ஒர்க்ஸ்பேஸ்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி மேசை. ஒரு மேசையில் உள்ள விண்டோக்கள் அடுத்த மேசையில் தெரியாது. இந்த வசதி விண்டோஸில் வழக்கமான அம்சமாக வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே லினக்ஸில் இருந்தது.

2011ல் வந்த கினோம் 3 முற்றிலும் மாறியது. விண்டோஸ் படம் போட்ட கீயை லினக்ஸில் சூப்பர் கீ என்பார்கள். அதைத் தட்டினால் திறந்திருக்கும் விண்டோக்கள் அனைத்தும் விரிந்து தெரியும். சூப்பர் + டேப் அப்ளிகேஷன்களுக்கு இடையே மாற்றும். ஆல்ட் கீயுடன் டேப்புக்கு மேலே உள்ள கீயை அழுத்தினால் ஒரே அப்ளிகேஷனின் விண்டோக்களுக்குள் மாற்றும். மேக் முறையைப் போலத்தான். ஆல்ட் + டேப் எதைக் காட்டும் என்பது நீங்கள் நிறுவிய லினக்ஸின் அமைப்பைப் பொறுத்தது. ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றிரவு நடந்தது என்ன?

இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். விண்ணப்பத்தின் அடியில் உள்ள பகுதியைப் பார்க்க டச்பேடில் உருட்டியிருக்கிறாள். அப்போது மவுஸ் முனை கீழே அந்தச் சிறு கட்டங்களின் மேல் நின்றிருக்கிறது. அங்கே நின்று உருட்டினால் பக்கம் நகராது, மேசை மாறிவிடும். விண்ணப்பம் முதல் மேசையில் பத்திரமாக இருக்க, நாங்கள் மூவரும் காலியான இரண்டாவது மேசையைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தோம். அந்த வகை மேசைத்தளத்தில் ஆல்ட் + டேப்பும் கீழ்ப் பட்டியும் அப்போதைய மேசையில் உள்ளவற்றை மட்டுமே காட்டும். அதனால்தான் அவை எங்களுக்கு உதவவில்லை.

அந்தக் கட்டங்களில் ஒன்றுக்குள் மட்டும் சின்னதாக ஒரு செவ்வகம் தெரிவதை அக்கா மகள்தான் முதலில் கவனித்தாள். "மாமா, இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கிளிக் செய்தாள். விண்ணப்பம் அப்படியே வந்து நின்றது. கண்ட்ரோல் + ஆல்ட் + இடது அம்புக்குறி அழுத்தியிருந்தாலும் வந்திருக்கும். பதினொன்றேகாலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பல வருடம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன் நான். பவர் பட்டனில் விரல் வைத்தவனும் நான்தான். திரையைப் பொறுமையாகப் பார்த்தது அவள்.

ஓர் எச்சரிக்கை: இதே கண்ட்ரோல் + ஆல்ட் + அம்புக்குறி கீகளை, இன்டெல் கிராபிக்ஸ் உள்ள சில பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அழுத்தினால் திரையே தலைகீழாகத் திரும்பிவிடும். பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்புக்குறி அழுத்தினால் நேராகிவிடும்.

விண்டோ காணவில்லையா? இந்த வரிசையில் தேடுங்கள்

1. உடனே எதையும் மூடாதீர்கள். பவர் பட்டனைத் தொடாதீர்கள். சேவ் செய்யாத வேலை மெமரியில்தான் இருக்கிறது. பவர் போனால் அதுவும் போய்விடும்.

2. டாஸ்க்பார் அல்லது டாக்கைப் பாருங்கள். ஐகானின் அடியில் சிறு கோடோ புள்ளியோ இருந்தால் அந்த அப்ளிகேஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

3. ஆல்ட் + டேப் (மேக்கில் கமாண்ட் + டேப்) அழுத்துங்கள்.

4. எல்லாவற்றையும் விரித்துக் காட்டும் கீயை அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11ல் விண்டோஸ் + டேப். மேக்கில் கண்ட்ரோல் + மேல் அம்புக்குறி. புதிய கினோமில் சூப்பர் கீ. வேறு டெஸ்க்டாப்கள் இருந்தால் அங்கேயே தெரியும், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

5. தேடுவது பிரௌசர் பக்கம் என்றால், அது விண்டோவாக இல்லாமல் டேப்பாக இருக்கலாம். கண்ட்ரோல் + டேப் அழுத்தி ஒவ்வொரு டேப்பாகப் பாருங்கள். டேப்பைத் தவறுதலாக மூடிவிட்டிருந்தால் கண்ட்ரோல் + ஷிப்ட் + டி அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட் + ஷிப்ட் + டி). பக்கம் திரும்ப வரும். ஆனால் அதில் நிரப்பிய விவரங்கள் வரும் என்று நம்ப முடியாது.

எது சிறந்தது?

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விண்டோக்களை மட்டும் திறப்பவருக்கு விண்டோஸ் முறை எளிது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பட்டியலில் இருக்கும். ஒரே அப்ளிகேஷனில் பத்துப் பன்னிரண்டு கோப்புகளைத் திறந்து வேலை செய்பவருக்கு, என்னைப் போன்ற டி.டி.பி.காரர்களுக்கு, மேக் முறை பட்டியலைச் சுருக்கித் தருகிறது. படிப்பு ஒரு மேசை, பாட்டு ஒரு மேசை என்று பிரித்து வைக்க விரும்புபவருக்கு ஒர்க்ஸ்பேஸ் வசதி. இன்று அது மூன்றிலுமே இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் பழகிக்கொள்வதுதான் முக்கியம்.

இன்றே ஒரு பயிற்சி செய்யுங்கள். அவசர வேலை எதுவும் இல்லாத நேரத்தில் ஒரு கடிதம், ஒரு பாட்டு, இரண்டு பிரௌசர் விண்டோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மினிமைஸ் செய்யுங்கள். ஒன்றை வேறு டெஸ்க்டாப்புக்கு அனுப்புங்கள். பிறகு மவுஸைத் தொடாமல் நான்கையும் கண்டுபிடியுங்கள். பத்து நிமிடம் போதும். கடைசி நாள் இரவில் விண்ணப்பம் நிரப்பும்போது அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.